எந்த மஞ்சள் என்று கேட்டவர்

பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், சிவப்பு நூல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்கி வந்துவிட முடியாது. "எந்தச் சிவப்பு?" என்பார். சத்தமாகக் கேட்க மாட்டார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலை நிமிராமல், "குங்குமமா, அரக்கா, செங்கல்லா, மாதுளையா?" என்று அடுக்குவார். நாம் முழித்தால், "போயி சீலையை எடுத்துட்டு வா கண்ணு. வாய்ல சொல்ற நெறம் வேற, கண்ணுல இருக்கற நெறம் வேற" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

மைசூரில் சாமுண்டி மலையைப் பார்த்தாற்போல, ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டின சின்ன வீடுகளில் எங்களுடையது ஒன்று. இந்த மாதிரிக் குடித்தனங்களை இங்கே வட்டாரா என்பார்கள். அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அவர் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அக்கா, ஹனூர் பக்கம் காட்டோரமாக இருக்கும் தன் ஊருக்கே போய்விட்டார்.

புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதும் முந்தானையில் குச்சு கட்டுவதும் அவருடைய வேலை. கடைக்காரர்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். குச்சுக்கு நூல் எடுக்கும்போது புடவையையும் நூலையும் தூக்கிக்கொண்டு முற்றத்து வெயிலுக்கு வந்துவிடுவார். மேகம் மூடியிருந்தால் அன்றைக்கு நிறம் பார்க்க மாட்டார். "டியூப்லைட்டு எல்லாத்தையும் நல்லதுன்னுதான் காட்டும்" என்பார்.

இந்தக் கேள்வி நூலோடு நின்றால் பரவாயில்லை. மனிதர்களிடமும் அதையே கேட்பார். கொஞ்சம் தலைவலி என்றால், "எந்த மாதிரித் தலைவலி? நெத்தியிலயா, பொடனியிலயா?" என்பார். பையன் பரீட்சை சுமாராக எழுதியிருக்கிறான் என்றால், "எத்தனை சுமாரு?" என்பார். ஒரு தடவை எனக்கும் என் மாமியாருக்கும் பேச்சு முற்றி, நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். "என்ன கண்ணு, நல்லா இருக்கியா?" என்றார். நல்லா இருக்கேன் அக்கா என்றேன். "எந்த நல்லா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. சாயங்காலம் முருங்கைக்கீரை கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போயிருந்தார்.

எங்கள் தெரு அம்மன் கோயில் பூசாரியையும் அவர் விட்டதில்லை. ஆஷாட வெள்ளிக்கு, நம் ஆடி வெள்ளி மாதிரி, அம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டு, என்ன நிறம் எடுக்கட்டும் என்று கேட்டார். பூசாரி, சிவப்பு எடும்மா என்றார்.

"எந்தச் சிவப்புங்க சாமி?"

"அம்மனுக்கு எல்லாச் சிவப்பும் சிவப்புதாம்மா."

"அம்மனுக்குச் சரிங்க. குடுக்கற எனக்குத் தெரியோணுமில்லீங்களா?"

பூசாரி கற்பூரத் தட்டோடு சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. சாமி விஷயத்தில் இத்தனை கேள்வி கூடாது என்பது என் எண்ணம். கொடுப்பதை மனசாரக் கொடுத்தால் அவள் ஏற்றுக்கொள்வாள். அக்காவுக்கும் பக்தி குறைவில்லை. வெள்ளி தவறாமல் விளக்கேற்றுவார். ஆனால் கும்பிடும்போதுகூட அவர் கண் அம்மன் புடவையின் கரையில்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அவர் வீட்டுக்காரர் அப்படியே எதிர்மாறு. பேச்சே கிடையாது. இங்கே ஒரு ஓட்டலில் துணி வெளுக்கிற பிரிவில் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வட்டாராவில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் யாரும் கூப்பிடாமலே வந்து சரி செய்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். யாரோ ஏஜென்ட் மூலமாக அவருக்குக் குரோஷியா என்கிற நாட்டில் வேலை வந்தது. அதுவும் துணி வெளுக்கிற இடம்தான். கடலோரத்து ஓட்டல்களின் துணியெல்லாம் அங்கே வருமாம். அப்படி ஒரு நாடு இருப்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் போனில் படம் போட்டுப் பார்த்துவிட்டு, இத்தாலிக்கு எதிர்க்கரை என்றார். இத்தாலி எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

போன புதிதில் ஸ்பீக்கரில் அவர்கள் பேசுவதைச் சுவர் வழியாகக் கேட்டால் பாவமாக இருக்கும். சாப்டீங்களா, சாப்டேன். நல்லா இருக்கீங்களா, இருக்கறேன். எந்த நல்லாங்க? அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. பேசாத மனிதரிடம் போனைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

பிறகு ஒரு நாள் அண்ணனாகவே ஒரு கதை சொன்னார். அங்கே வயதான ஒரு அம்மா அவரோடு வேலை செய்கிறார். வண்டியில் வந்து கொட்டுகிற துணிக் குவியலைப் பார்த்து அந்த அம்மா நிறத்தின் பேரைக் கத்துவார், இவர் அந்தந்தத் தொட்டியில் போட வேண்டும். இவருக்குப் பேர் ஒன்றும் பிடிபடாமல், வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டுவிட்டார். அத்தனை விரிப்பும் பஞ்சுமிட்டாய் ஆகிவிட்டதாம். அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் நான் கரண்டியோடு வெளியே வந்துவிட்டேன்.

"அந்தம்மா வெள்ளைக்கு என்னங்க சொல்லும்?"

"பியெலா."

"சிவப்புக்கு?"

"ட்ஸர்வெனா."

"எந்தச் சிவப்புக்குங்க ட்ஸர்வெனா?"

அன்றிலிருந்து அவர்களுக்குப் பேச்சுக்குக் குறைவில்லை. கூப்பிடும்போதெல்லாம் அவர் ஒரு பேர் கொண்டுவருவார், அக்கா வாங்கி வைத்துக்கொள்வார். எழுதி வைக்கவில்லை. அக்காவுக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. முற்றத்துக் கொடியில் காயும் துணிகள்தான் பாடம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு துணியாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போவார். என் பாவாடை ஸெலெனா, பச்சை. என் வீட்டுக்காரரின் கம்பெனிச் சட்டை ப்லாவா, நீலம். கோடு போட்டது நா ப்ரூகெ. புள்ளி போட்டது நா தோச்கெ. கட்டம் போட்டது நா கோட்ஸ்கெ. பூப் போட்டதற்கு ஒரு பேர் உண்டு, ட்ஸ்வ்யேத்னா. அதைச் சொல்வதற்கு அக்கா பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஒரு நாள் கொடியில் தொங்கின பூப்போட்ட நைட்டியைப் பிடித்துக்கொண்டு, "ட்ஸ்... ட்ஸ்வே... ட்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அது வீட்டு ஓனரம்மாவின் நைட்டி. கன்னடக்காரம்மா, தமிழும் பேசுவார். மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏனம்மா, என் நைட்டியப் பாத்து யாக்கெ ஸூ ஸூங்கறே? கோழி ஓட்டறியா?" என்றார்.

"இல்லீங்கம்மா, பூவுக்கு அந்த ஊர்ல இதுதான் பேரு."

"பல்லு நாலு விழுந்த மேலே சொல்லு, சரியா வரும்" என்று சொல்லிவிட்டு நைட்டியை உருவிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அந்தப் பேர்களில் ஒன்றுதான் மனசில் நின்றது. சாம்பல் நிறத்துக்கு அங்கே சிவா என்று பேர். அக்கா சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. எத்தனையோ கடல் தாண்டி, நம் சாமி பேரே தெரியாத ஜனங்கள், சாம்பலைப் பார்த்துச் சிவா என்கிறார்கள் பாருங்கள். என் வீட்டுக்காரர், அது ஏதோ தற்செயல் என்றார். இருக்கட்டும். நான் அன்று சாயங்காலம் விளக்கு வைத்தபோது அந்த ஜனங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டேன். அக்கா மட்டும் போனில், "எந்தச் சாம்பலுக்குங்க சிவா? அடுப்புச் சாம்பலா, திருநீறா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் இந்தக் கேள்விகளையெல்லாம் அங்கே அந்த அம்மாவிடம் எப்படியோ கேட்டிருக்கிறார். கையைக் காட்டிக் காட்டிக் கேட்பாராம். முதலில் அந்த அம்மா, நிறம் அடர்த்தியாய் இருந்தால் முன்னால் தாம்னோ சேர்த்துக்கொள், வெளிறினால் ஸ்வியெத்லோ சேர்த்துக்கொள், போதும் என்று முடிக்கப் பார்த்திருக்கிறார். அக்கா விடவில்லை. ஒரு பச்சைத் துணியின் படத்தை அனுப்பச் சொல்லி, இது எந்தப் பச்சை என்று திருப்பிக் கேட்கச் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியை மேலே தூக்கி விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, மாஸ்லினாஸ்தா என்றாராம். அவர்கள் ஊரில் மலையெல்லாம் ஆலிவ் மரமாம், அதன் காயின் பச்சை. அக்காவுக்கு ஒரு நிம்மதி வந்தது. "அதானே. காயி இருக்கற ஊர்ல காய்ப்பச்சை இல்லாம இருக்குமா? அந்தம்மா விசயம் தெரிஞ்சவங்க" என்றார். ஒரு தடவை வீடியோவில் அந்த அம்மாவைக் காட்டினார்கள். குட்டை முடி, நீல அங்கி, துணிக் குவியலுக்கு நடுவில் நின்று கையை ஆட்டினார். அக்கா கும்பிட்டார். பிறகு தன் புடவைத் தலைப்பைத் தூக்கிக் காட்டி, "நா கோட்ஸ்கெ" என்றார். அந்த அம்மா கையைத் தட்டினார். அவ்வளவுதான் அவர்கள் பழக்கம்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அண்ணன் வீடியோவில் வந்தார். அக்கா போனை மாடிப்படிக் கட்டையில் சாய்த்து வைத்தார். வட்டாராவே கூடிவிட்டது. நாங்கள் அவரைப் பார்த்து நாளாகியிருந்தது. இங்கிருந்து போகும்போது நல்ல கறுப்பு. இப்போது முகம் வெளுத்து, ஒரு மாதிரி பளபளப்பாக இருந்தது.

"அய்யோ தேவ்ரே, எஷ்டு பெள்ளகெ, வெள்ளையா ஆகிட்டாரு பாரம்மா!" என்று ஓனரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"குளிர் ஊர்த் தண்ணி அப்படி. உள்ளூர்லயே இருந்து வெந்துட்டிருக்கறது நாமதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

நானும் சொன்னேன். "அண்ணா, மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி முகத்துல என்ன ஒரு களை!"

எங்களுக்கு அப்படித்தான் தோன்றும். வெளிநாட்டுக்குப் போனவர் நிறம் வைத்துத் திரும்பினால், போன காரியம் பலித்துவிட்டது என்று அர்த்தம். கறுத்தால், ஐயோ பாவம், வெயிலில் வேலை போலிருக்கிறது என்போம். அண்ணனும் எங்கள் பேச்சைக் கேட்டு லேசாகச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. எல்லோருக்கும் நடுவிலிருந்து போனை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போனார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"போனைக் கிட்டக்கக் கொண்டு வாங்க. கண்ணைக் காட்டுங்க."

"எதுக்குப் புள்ள?"

"காட்டுங்கங்கறேன்."

அவர் காட்டினார்.

"வெள்ளை முழி வெள்ளையா இல்லீங்களே. மஞ்சளா இருக்குது."

"ரூமு பல்பு மஞ்சளு. அதான்."

"அப்ப உங்களுக்குப் பொறகால இருக்கற செவுரும் மஞ்சளாத் தெரியோணுமில்லீங்க? அது வெள்ளையா இருக்குதே."

பிறகு, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? நல்லாத்தான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அதற்கு அப்புறம் வீடியோ வரவில்லை. கேமரா கெட்டுப்போச்சு என்றார். பேச்சு மட்டும்தான். என்ன சாப்பிட்டீர்கள் என்றால், சாப்பாடு என்பார். என்ன குழம்பு என்றால், அதான் குழம்பு என்பார். டாக்டரிடம் போங்க என்று அக்கா சொன்னால், சரி சரி என்பார். போகவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. உடம்பு முடியவில்லை என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். இது எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. அறையில் கூட இருந்த நேபாளத்து ஆட்கள் வேலைக்காலம் முடிந்து போய்விட்டதால் அவர் தனியாகத்தான் இருந்தார்.

என் வீட்டுக்காரர் ஏஜென்டுக்குப் பேசிப் பார்த்தார். தினமும் வேலைக்குப் போறாருங்க, நல்லாத்தான் இருக்காரு என்றார் ஏஜென்ட். அதைக் கேட்ட அக்கா, எந்த நல்லா என்றுகூடக் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அது எனக்கு என்னவோ போல இருந்தது.

ஓனரம்மா என்னிடம், "அவளுக்கு எப்பவும் சந்தேகம். புருஷன் நல்லா இருந்தாலும் இவளுக்குப் பொறுக்காது" என்றார். வட்டாராவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். போனில் நாம் சொல்வதை அந்த ஊர்ப் பேச்சாக மாற்றிச் சொல்லும் வசதி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் எடுத்துக் காட்டினார். வீட்டுக்காரர் கண் மஞ்சளாக இருக்கிறது என்று அக்கா சொல்ல, அது அந்த மொழியில் என்னவோ போட்டது. சரிபார்க்கலாம் என்று அதையே திரும்பத் தமிழாக்கினால், வீட்டின் உரிமையாளர் மஞ்சளைப் பார்க்கிறார் என்று வந்தது.

"ஓனரம்மாவை எதுக்குங்க இது இழுக்குது?" என்றார் அக்கா. "இதை நம்பி என்ற புருசனை விட முடியாது. எனக்குத் தெரிஞ்ச பேச்சை வெச்சு நானே பேசிக்கறேன்."

அவருக்குத் தெரிந்த பேச்சு என்பது சிவப்பு, பச்சை, கோடு, கட்டம். அதில் கண் என்ற வார்த்தைகூடக் கிடையாது.

மறுநாள் அவர் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு பழைய வெள்ளை வேட்டியை இரண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு பாதியை மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கிப் பிழிந்து கொடியில் போட்டார். நாம் காணிக்கை முடிவதற்கு அப்படித்தானே மஞ்சள் துணி செய்வோம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கடைசியில் சாமியிடம் வந்தாரே என்று நினைத்தேன்.

"எந்தச் சாமிக்கு அக்கா? மாதேஸ்வர மலைக்கா?"

"சாமிக்கு இல்லை கண்ணு. இது அந்தம்மாவுக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லவும் இல்லை. துணி காய்ந்ததும் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்தி இல்லை. "இத்தனை பளிச்சுனு இல்லை. கொஞ்சம் அழுக்கு மஞ்சளு" என்று டீத்தண்ணீரில் ஒரு தடவை முக்கினார். மறுபடி காய வைத்து, மறுபடி பார்த்தார். அப்புறம்தான் தலையை ஆட்டினார்.

இங்கே மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம் அங்கே காலை வேலையின் நடுவில் டீக்கு விடுவார்களாம். அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டார். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, இரண்டு துணியையும் என் கையில் கொடுத்தார்.

"ஏனுங்க, அந்தம்மா பக்கத்துல இருக்கறாங்களா? ஒரு புதுச் சீலை வந்திருக்குது, என்ன நெறம்னு அவங்களைக் கேக்கோணும். வீடியோ போட்டு அவங்க கையில குடுங்க. உங்க மூஞ்சியை நீங்க காட்ட வேண்டாம்."

அவர் யோசித்தது தெரிந்தது. பிறகு போன் ஆடி, அந்த அம்மாவின் முகம் வந்தது. கண்ணாடியும் குட்டை முடியும் நீல அங்கியும். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம். சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார்.

அக்கா கும்பிடக்கூட இல்லை. என் கையிலிருந்து வெள்ளைத் துணியை வாங்கிப் போனுக்கு நேராகப் பிடித்தார்.

"பியெலா" என்றார்.

அந்த அம்மா, "பியெலா, பியெலா" என்று சிரித்தார்.

அக்கா தன் கண்ணின் கீழ்ச்சதையை விரலால் இழுத்து, வெள்ளை முழியைத் தொட்டுக் காட்டினார். "பியெலா." பிறகு என்னைப் பிடித்து இழுத்து என் கண்ணையும் அப்படியே இழுத்துக் காட்டினார். "பியெலா." வலித்தது. நான் அசையாமல் நின்றேன்.

பிறகு மஞ்சள் துணியை எடுத்தார். "ஜூத்தா" என்றார். தன் தாலியைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கம் அண்ணன் நிற்கிற திசையாக விரலை நீட்டினார். கண்ணைத் தொட்டார். மறுபடி துணியைக் காட்டினார். "ஜூத்தா. பியெலா இல்லீங்க, ஜூத்தா. தாம்னோ ஜூத்தா."

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து அண்ணன், "ஏ புள்ள, என்ன பண்றே நீ, போனை வை" என்று கத்துவது கேட்டது. அந்த அம்மா போனை எங்கேயோ வைத்துவிட்டார். எங்களுக்குக் கூரையும் ஒரு குழாயும் மட்டும்தான் தெரிந்தது. அதட்டுகிற குரல் கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அக்கா மஞ்சள் துணியைக் கீழே விடாமல் போனுக்கு நேராகவே பிடித்துக்கொண்டு நின்றார், யாரும் பார்க்காதபோதும். நான் என் வாய்க்கு வந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு யாரோ போனை எடுத்தார்கள். ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அண்ணனை நிறுத்தி, அந்த அம்மா ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் கண்ணைக் கீழே இழுத்திருந்தார். துணியின் நிறமும் அந்தக் கண்ணின் நிறமும் ஒன்றாகத்தான் இருந்தன. அந்த அம்மா போனைப் பார்த்துக் கடகடவென்று நிறையச் சொன்னார். எங்களுக்குப் புரிந்தது ஜூத்தா ஒன்றுதான். அதை அவர் இரண்டு மூன்று தடவை சொன்னார். அண்ணன் பிடிபட்ட மாதிரி நின்றார்.

அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பித்தப்பையில் கல், அது வழியை அடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. உள்ளே சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்ததாம். இன்னும் சில நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதை யாரோ ஆங்கிலத்தில் சொல்ல, அண்ணன் அதைத் தமிழில் அக்காவுக்குச் சொன்னார். ஆபரேஷன் ஆகிற அன்று நான் மலைக்குப் படியேறிப் போனேன். அக்காவைக் கூப்பிட்டேன், வரவில்லை. போன் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாருக்கோ வாக்குக் கொடுத்த புடவைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருந்தார்.

தினமும் பக்கத்தில் நின்று வேலை செய்த அந்த அம்மாவுக்கு அதுவரை ஏன் தெரியவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டதுண்டு. அண்ணனே அதைக் கேட்டிருக்கிறார். உங்கள் ஊர்க்காரர்கள் கண்ணே அப்படித்தான் இருக்குமென்று நினைத்தேன் என்றாராம் அந்த அம்மா. எங்களுக்கு மட்டும் என்ன தெரிந்தது? நாங்கள் அவரைக் களை வந்துவிட்டது என்றோம்.

வேலை போய்விட்டது. உடம்பு தேறினதும் ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அவர் பயந்தது நடந்தது. அதில் அவருக்கு அக்காவின் மேல் வருத்தம் இருந்தது. கொஞ்ச நாள் போனில் அந்தப் பழைய மௌனம் திரும்பி வந்துவிட்டது. அக்கா, நிறத்தின் பேர் எதையும் கேட்காமல், மாத்திரை போட்டீங்களா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார். இந்த விஷயத்தில் அவர் தன் பக்கத்து நியாயம் என்று யாரிடமும் எதுவும் சொல்லிக் கேட்டதில்லை.

அண்ணன் வந்த அன்று காலை நான் ஆரத்தி கரைத்து வைத்திருந்தேன். ஆட்டோ வாசலில் நின்றது. அண்ணன் மெலிந்துபோய், சட்டை தோளில் தொங்க, பையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஓனரம்மா மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு மனசில் ஒன்றும் கிடையாது, வாய்தான்.

"அய்யோ, ஏனிது? திரும்பக் கருப்பாகிட்டாரே! தீபாவளியில எஷ்டு செந்தாகி, அழகா இருந்தாரு!"

அண்ணன் தலை குனிந்துகொண்டார்.

அக்கா இறங்கிப் போய் அவர் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தார். அவர் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டினார். அந்தக் கையைத் தூக்கிப் பிடித்து, ஓனரம்மாவுக்கும் எனக்கும் தெருவுக்கும் காட்டினார்.

"ஆமாங்கம்மா," என்றார். "நல்லாக் கறுத்துட்டாருங்க."

சொல்லும்போதே அக்காவின் முகம் உடைந்துவிட்டது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் கையைப் பிடித்திருந்த மற்றக் கையை மட்டும் விடவில்லை.